நம்பர் இல்லாத சோக் டியூப்

என் வீட்டுக்காரருக்கு எதிலும் நம்பர் இருக்க வேண்டும். டிபன் பாக்ஸ், குடை, சைக்கிள் பம்ப், மாடியில் துணி காயப்போடும் கொடிக் கம்பி என்று எல்லாவற்றிலும் வெள்ளைப் பெயிண்டில் தன் பணி எண்ணின் கடைசி எண்களை எழுதி வைத்திருப்பார். ஆவடியில் துணை ராணுவ முகாமில் இருந்து ஓய்வு பெற்றவர். அங்கே டிரங்குப் பெட்டிக்கு நம்பர், சாப்பாட்டுத் தட்டுக்கு நம்பர், கொசுவலைக்கு நம்பர். துப்பாக்கியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உடம்பில் ஒரு நம்பர், போல்ட்டில் அதே நம்பர். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அது வேறொருவன் துப்பாக்கியின் சாமான். கையில் வைத்திருப்பவன் மேல் விசாரணை. இப்படியே ஒரு ஆயுசைக் கழித்தவர். கட்டின பெண்டாட்டிக்கு மட்டும் நம்பர் போடாமல் விட்டுவிட்டீர்களே என்று நான் கிண்டல் செய்வேன். "உன்ன எவன்மே தூக்கினு போவப் போறான்" என்பார்.

எனக்கும் இரும்புச் சாமான்தான் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு மரை போட்ட உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. மரை சரியாக ஏறுகிறதா, அளவு சரியா, உட்கார வேண்டிய இடத்தில் உட்காருகிறதா என்று பார்க்க வேண்டும். சரியில்லை என்றால் சிவப்புக் குறி. பெயிண்ட் காய நேரமாகும் என்று எங்கள் லைனில் சிவப்பு நெயில் பாலிஷ்தான் வைப்போம். என் கைப்பையில் எப்போதும் ஒரு பாட்டில் கிடக்கும், என் நகத்தில் ஒருநாளும் அது ஏறியதில்லை.

பணியில் இருந்தபோது அவர் முகாமின் துப்பாக்கி சுடும் அணியில் இருந்தார். ரவைத் துப்பாக்கி. 'பேர்டு' என்று ஒன்றைச் சுடுவார்கள். பெயர்தான் பறவை, உண்மையில் களிமண்ணில் செய்த வில்லை. 'புல்', அதாவது இழு என்று இங்கிலீஷில் கத்தினால் பள்ளத்தில் இருக்கிற மிஷின் அதை எங்காவது ஒரு பக்கமாக வீசி எறியும். பறக்கும்போதே உடைக்க வேண்டும். அதில் அவர் வாங்கிய கோப்பைகள் எல்லாம் முகாமின் கண்ணாடி அலமாரியில்தான் நிற்கின்றன. துப்பாக்கியும் படையுடையது, கோப்பையும் படையுடையது. ஓய்வு பெற்றபின் அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை.

"ஒரே ஒரு தபா மூத்தவங்க போட்டியில நிக்கணும்மே. என் பேருல, என் துப்பாக்கில. ஒரு கோப்ப நம்ம ஊட்டுக்கு வரணும்."

கூட ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் பேங்க் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும்போது இவருக்கு இந்தக் கிறுக்கு. நான் முணுமுணுத்தேன், தடுக்கவில்லை. அந்த வருஷக் கோடையில் ஒரு நாள் தலைவலி என்று அவர் பொழுது சாயும்வரை எழுந்திருக்கவே இல்லை. வாந்தி வேறு. வெயில், பித்தம் என்று சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தேன். மறுநாள் எழுந்து நடமாடினார். அடுத்த மாதம் லைசென்ஸ் கைக்கு வந்தது, துப்பாக்கியும் வந்தது.

பழைய துப்பாக்கி. வெளிநாட்டுச் சாமான். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு குழல். நகரத்தில் ஒரு பெரியவர் வைத்துச் சுட்டுக்கொண்டிருந்தது. அவர் போனதும் பிள்ளைகள் துப்பாக்கிக் கடை மூலமாக விற்றுவிட்டார்கள். கூடவே ஒரு உருண்டை டப்பாவும் வந்தது. அதில் விரல் நீளத்துக்கு ஐந்து எஃகுக் குழாய்கள். சோக் டியூப் என்பார்கள். குழலின் வாய்க்குள் மரையில் திருகிப் போட வேண்டும். டியூபின் வாய் எவ்வளவு குறுகலோ, ரவை அவ்வளவு சிதறாமல் சேர்ந்து போகும். எது குறுகல், எது அகலம் என்று தெரிவதற்கு விளிம்பில் சின்னச் சின்ன வெட்டுக்கள் இருக்கும். ஒரு வெட்டு என்றால் ரொம்பக் குறுகல், வெட்டுகள் கூடக்கூட அகலம். அவ்வளவுதான் விஷயம்.

அவர் டப்பாவைத் திறந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிப் போனது.

"நம்பரக் காணோமே."

"சின்ன சாமான். அதுல எங்க நம்பர் போடுவான்?"

"இன்னா பேசற நீ? நம்பர் இல்லாம எப்டி இதோடதுன்னு சொல்றது?"

அன்றைக்கே அவர் மனதில் அந்தச் சந்தேகம் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மேனாம்பேட்டில் இருந்து ஆவடிக்கு அப்பால் இருக்கும் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்கு பைக்கில் போவோம். நான் பின்னால், துப்பாக்கிப் பெட்டி என் முதுகில். அங்கே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். முதல் வாரமே எனக்கு ஏதோ உறுத்தியது. இடது பக்கம் பறக்கிற வில்லை தூள் தூளாகப் போகிறது. வலது பக்கம் போவது முழுசாகப் போய்ப் புல்லில் விழுகிறது. சில தடவை 'புல்' என்று கத்திவிட்டுச் சுடாமலே நிற்பார்.

"மிஷின் உடவே இல்லியே நைனா!" என்று ரேஞ்ச் பொறுப்பாளரிடம் கத்துவார்.

மிஷின் விட்டிருந்தது. நான் பார்த்தேன். வில்லை வலது பக்கமாகப் போய் விழுந்ததை உட்கார்ந்த இடத்தில் இருந்தே பார்த்தேன். ரேஞ்ச் பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் பஞ்சைச் சரிசெய்வதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

"டியூபு தப்பும்மே" என்றார் வீட்டுக்கு வந்ததும். "வேற துப்பாக்கியோடத டப்பால போட்டுக் குட்த்துட்டானுங்க. அதான் ரவ கோணலா போவுது."

வீட்டிலும் என்னென்னவோ நடந்துகொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டு எழுந்துகொள்வார். "இன்னிக்குப் பொரியல் வெக்கலியா?" என்பார். பொரியல் அவர் தட்டிலேயே இருக்கும். எனக்குக் கடுப்பு வரும். காலையில் எழுந்து பீன்ஸ் நறுக்கி, தேங்காய் துருவி, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள் நான். "கண்ணு இன்னா பிடரியிலயா கீது? தட்டுலயே கீதுய்யா!" என்று கத்துவேன். குனிந்து பார்த்து, "அட, ஆமா" என்பார். வலது தோள் கதவு நிலையில் இடித்து இடித்துக் கன்றிப் போயிருந்தது. பேப்பர் படிப்பதை நிறுத்தியிருந்தார், எழுத்தைச் சின்னதாகப் போடுகிறான்களாம். வயசாகிறது, கவனம் இல்லை என்று நான் நினைத்தேன். இதையெல்லாம் சேர்த்து முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்?

போட்டி மழைக்காலம் முடிந்ததும் என்று சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. ஒரு சனிக்கிழமை லீவு போட்டு அவரோடு நகரத்துத் துப்பாக்கிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையான மனிதர். குழலின் பக்கவாட்டில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"பழைய ஓனர் பாலிஷ் போட்டுட்டார். குத்தியிருந்த மார்க் எல்லாம் அழிஞ்சுபோச்சு. டியூப்லயும் எழுத்து தேஞ்சுபோச்சு. ஒரே கம்பெனிலயே வருஷத்துக்கு வருஷம் மரைய மாத்தியிருக்கான். கண்ணால பாத்துச் சொல்ல முடியாது. அளந்துதான் பாக்கணும்."

"தப்பான டியூப் போட்டுச் சுட்டா இன்னா ஆவும்?" என்று நான் கேட்டேன்.

"மரை சேராம லூசா இருந்தா டியூபே பிச்சுக்கிட்டுப் போகும். மரை சேர்ந்தும் பின்பக்க வாய் குழலைவிடச் சின்னதா இருந்தா இன்னும் மோசம். ரவை போய் அந்த விளிம்புல முட்டும். குழல் வீங்கும், வெடிக்கவும் வெடிக்கும். டியூப் இல்லாமலும் சுடக் கூடாது, உள் மரை கெட்டுடும்."

சொல்லிவிட்டு இழுப்பறையில் இருந்து வேறு ஒரு டியூபை எடுத்து வைத்தார். இதுவும் அந்தக் கம்பெனியுடையதுதான், ஆனால் எந்த வருஷம் என்று தெரியாது, அளந்து பார்த்துச் சேரவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அளக்காமல் சுடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னார். என் வீட்டுக்காரர் அதைக் கேட்டாரா என்பதே சந்தேகம். அந்த டியூபில் நம்பர் குத்தியிருந்தது. அவர் முகம் அப்படி மலர்ந்ததை நான் அந்த வருஷத்தில் பார்க்கவே இல்லை.

"பாத்தியா? நம்பர் கீது! இதான் அசலு."

"அது துப்பாக்கி நம்பர் இல்லீங்க, ஏதோ மாடல் நம்பர்."

"சும்மா இருமே. உனக்கு இன்னா தெரியும்?"

எனக்கு என்ன தெரியுமா! மரையை எண்ணி எண்ணியே கண்ணாடி போட்டவளைப் பார்த்து இந்தக் கேள்வி. மரை கழன்றது உனக்கா எனக்கா என்று கேட்க வாய் வரை வந்தது. கடையில் வேற்று மனிதர் முன்னால் வேண்டாமென்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் அந்த நம்பர் போட்ட டியூபைக் குழலில் வைத்துத் திருகினார். மரை பிடித்தது. சாவியால் கடைசிவரை ஏற்றினார். "பார்றா, உன் மாமன் வூட்டு சாமான் மாதிரி போய் ஒக்காந்துச்சி!" என்றார். மறுநாளே ரேஞ்சுக்குப் போகலாம் என்றார்.

"அளக்காம போவக் கூடாது" என்றேன்.

"மர ஏறிடுச்சே, அப்பறம் இன்னா?"

"மர ஏறினா ஆச்சா? எங்க கம்பெனில மர ஏறி ரிஜெக்ட் ஆனது எவ்ளோ கீது தெரியுமா? வைய்யா கீழ."

நான் 'யோவ்' 'வைய்யா' என்று இறங்கிவிட்டால் நிலைமை மோசம் என்று அவருக்குத் தெரியும். வைத்துவிட்டார்.

மறுநாள் காலை, கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் பழைய வேட்டியை விரித்து உட்கார்ந்தேன். கம்பெனியில் புது மீட்டர் வந்தபோது கழித்துப்போட்ட வெர்னியர் அளவுகோல் என்னிடம் ஒன்று உண்டு. பல் பல்லாக இருக்கும் மரை கேஜ், டார்ச், பல் டாக்டர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடி, ஒரு துளி நீலப் பசை. அவர் துப்பாக்கியை நடுவில் மடித்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று இரண்டு தடவை காட்டினார். அதில் அவர் ஒருநாளும் குறை வைத்ததில்லை. பிறகு குழலை மட்டும் தனியாகக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் நம்பர் போட்ட டியூப். வெளிச் சுற்று சரி. மரையும் கேஜில் வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தது. பின்பக்க வாயை அளந்தேன். பிறகு குழலின் உட்புறத்தை அளந்தேன். நம்பிக்கை இல்லாமல் மறுபடி அளந்தேன். டியூபின் வாய் குழலைவிடச் சின்னது. ஒரு மயிரிழைதான், ஆனால் சின்னது. டார்ச்சை அடித்துக் கண்ணாடியில் பார்த்தால் குழலுக்குள் டியூபின் விளிம்பு வட்டமாகத் துருத்திக்கொண்டிருந்தது. கடைக்காரர் சொன்ன அதே விளிம்பு. இவர் அளக்காமல் இதைப் போட்டுச் சுட்டிருந்தால் குழல் அவர் இடது கைக்கு முன்னாலேயே கிழிந்திருக்கும். பையில் இருந்து நெயில் பாலிஷை எடுத்து அதன் தலையில் சிவப்பாக ஒரு பொட்டு வைத்தேன்.

"இது ரிஜெக்ட். கடையில குட்த்துடுங்க."

அவர் அந்தச் சிவப்பைப் பார்த்துவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார்.

பிறகு டப்பாவில் இருந்த பழைய டியூப்கள். ஒவ்வொன்றாக எடுத்தேன். வெளிச் சுற்று, நீளம், மரை எல்லாம் சரி. பின்பக்க வாய் குழலைவிட இம்மி பெரியது. அப்படித்தான் இருக்க வேண்டும். டியூபின் பின்விளிம்பில் நீலப் பசையை மெல்லத் தடவித் திருகி ஏற்றிக் கழற்றினேன். குழலுக்குள் இருக்கும் படியில் அது சரியாக உட்கார்ந்தால் நீலம் சுற்றிலும் ஒரே சீராக அழியும். அழிந்திருந்தது. ஐந்திலும் அப்படியே. பிறந்த நாள் முதல் இந்தக் குழலோடு இருந்த டியூப்கள்தான் இவை, சந்தேகமே இல்லை.

எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் அப்படியென்றால் என்ன அர்த்தம் என்பது மண்டையில் உறைத்தது. டியூப் தவறென்றால் எல்லாப் பக்கமும் தவற வேண்டும். இடது பக்கம் மட்டும் உடைவானேன்? வலது பக்கம் மட்டும் தப்புவானேன்? லைனில் ஒரே பக்கமாகக் குறை வந்தால் நாங்கள் சாமானைத் தூக்கிப் போடுவதில்லை, மிஷினைத்தான் பார்ப்போம். எதிரில் மிஷின் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன். தெரியவில்லை, அளவு பிடிபடவில்லை என்று மழுப்பினால் இன்னும் கொஞ்ச நாள் டியூபைத் தேடிக்கொண்டிருப்பார். தேடுகிறவரை நம்பிக்கை இருக்கும். ஆனால் அப்படி விட்டால் மறுபடி எங்கேயாவது போய் நம்பர் போட்ட இன்னொன்றை வாங்கிவந்து திருகுவார். சொல்லிவிட்டேன்.

"இதான் அசலுங்க. அஞ்சும் இதோடது. எல்லாம் பாஸு."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன்."

"இன்னொரு தபா பாரு."

"எத்தினி தபா பாத்தாலும் அதாங்க."

அவர் ஒரு டியூபை எடுத்து விரலில் உருட்டினார். "அப்ப இன்னாமே சொல்ற? டியூபு பாஸுன்னா ரிஜெக்ட் நானா?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். அவர் கோபமாகக் கேட்கவில்லை. நான் நீலப் பசையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தேன், விரலில் பசை போன பிறகும் துடைத்தேன்.

மத்தியானம் வரை டப்பாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். திடீரென்று எழுந்து, "ரேஞ்சுக்குப் போலாம். பேப்பர்ல அடிச்சிக் காட்றேன். ரவ எப்டி கோணலா போவுதுன்னு நீயே பாரு" என்றார். ஆள் உயரத்துக்குப் பெரிய காகிதத்தை நிறுத்தி, நடுவில் குறிபார்த்துச் சுட்டால், ரவை எப்படிப் பரவுகிறது என்று காகிதமே காட்டிவிடும். பொறுப்பாளர் நிறுத்திக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் சுட்டார். டியூபை மாற்றி மாற்றிச் சுட்டார். குறுகல் டியூபுக்கு ரவை நெருங்கி விழுந்திருந்தது, அகலமானதற்கு விரிந்து விழுந்திருந்தது. எல்லாமே நட்ட நடுவில், வட்டமாக. பொறுப்பாளர், "அண்ணாத்தே, சும்மா பூக்கோலம் மாதிரி கீது! சோக்குல ஒரு கொறையும் இல்ல" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் காகிதத்தின் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு அதைச் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.

ஆவடி ரயில் நிலையத்தைத் தாண்டி வந்துகொண்டிருந்தோம். வலது பக்கமாக ஒரு தண்ணி லாரி ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்ட வந்தது. ரோட்டில் போகிற நாய்க்குக்கூடத் தெரியும் அது வருகிறது என்று. அவர் ஒரு பள்ளத்துக்கு ஒதுங்கி வண்டியை நேராக அதன் பக்கம் வளைத்தார். நான் வீல் என்று கத்தி அவர் சட்டையைப் பிடித்து இடது பக்கமாக இழுத்தேன். பைக் மணலில் சறுக்கி நின்றது. லாரிக்காரன் எங்கள் இருவரின் வம்சத்தையும் திட்டிவிட்டுப் போனான்.

"எங்கேர்ந்துமே வந்தான்?" என்றார். நிஜமாகவே கேட்டார்.

வில்லை, பொரியல், கதவு நிலை, பேப்பர் எல்லாம் அந்த மணலில் நின்றபடியே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் வலது காதுக்குப் பக்கத்தில் என் கையை நீட்டி, "இன்னா தெரியுது?" என்று கேட்டேன். "எது?" என்றார். கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தேன். மூக்குக்கு நேராக வந்தபோதுதான், "ஏன் கைய ஆட்டிகினு கீற?" என்றார். வண்டியை அங்கேயே தெரிந்த கடையில் விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு வந்தோம். வழியெல்லாம் துப்பாக்கிப் பெட்டியை அவர் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கரையான்சாவடியில் மெயின் ரோட்டில் ஒரு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே ஒரு சோதனை வைத்தார்கள். இருட்டு அறையில் வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைக்க வேண்டும். அங்கும் இங்கும் சின்ன விளக்குப் புள்ளிகள் வந்து வந்து போகும். வந்தால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். எந்தப் பக்கம் வரும் என்று தெரியாது. ரேஞ்சில் வில்லை வருவது போலவேதான். நான் வெளியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் வெளியில் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. முகாம் நாட்களில் போட்டி முடித்து வருவாரே, அந்த நடை.

"ஒன்னுகூட உடலமே. வந்தது எல்லாத்தையும் அடிச்சிட்டேன்."

எனக்கும் ஒரு நிமிஷம் உயிர் வந்தது. ஐயோ, அந்த ஒரு நிமிஷம்.

டாக்டரம்மா காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு கண்ணுக்கும் இரண்டு வட்டம். இரண்டிலும் இடது பாதி வெளுப்பு. வலது பாதி முழுக்க மசியைக் கொட்டியதுபோல் கருப்பு.

"வந்த லைட்ல பாதி உங்களுக்குத் தெரியவே இல்லைங்க" என்றார். "கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. பின்னாடி, மூளையில பார்வை போய்ச் சேர்ற எடத்துல ஒரு ரத்தக் குழாய் அடைச்சிருக்கணும். ஸ்கேன் பாத்துடலாம். முன்னாடி எப்பவாவது பெருசா தலைவலி வந்துச்சா?"

சுக்குக் காப்பி வைத்த டம்ளர் என் கண் முன்னால் வந்தது. நான்தான் ஆமாம் என்றேன்.

"கண்ணும் பாஸாம்மே" என்று அவர் என் பக்கம் திரும்பிச் சொன்னார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

ஸ்கேனும் அதையேதான் சொன்னது. போன பார்வை இத்தனை மாதம் கழித்துத் திரும்புவது கஷ்டம், மறுபடி அடைக்காமல் பார்த்துக்கொள்ளலாம், மாத்திரையை விடக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது. துப்பாக்கியைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. நானும் கேட்கவில்லை. பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பெண் ஒரு வழி சொன்னாள். படிக்கிற பக்கத்திலும், சாப்பிடுகிற தட்டிலும், கதவிலும் வலது ஓரத்தில் சிவப்பாக ஒரு குறி போட்டு வைக்க வேண்டும். அந்தச் சிவப்பு கண்ணில் படுகிறவரை தலையைத் திருப்பிக்கொண்டே போக வேண்டும். அப்படிப் பழகினால் பாதி விட்டுப்போகாது.

சிவப்பு என்னிடம் இல்லையா என்ன? கைப்பையிலேயே கிடக்கிறது. ஆனால் கை வரவில்லை. வருஷக்கணக்காக நான் எதில் சிவப்பு வைத்தேன் என்று அவருக்குத் தெரியும். நானே தட்டைத் திருப்பி வைத்தேன், கதவுப் பக்கம் வரும்போது தோளைப் பிடித்துக்கொண்டேன், பேப்பரை வாசித்துக் காட்டினேன். வேலைக்குப் போனால் மனசு வீட்டில் இருக்கும். சாயந்திரம் வந்து பார்த்தால் தட்டில் பாதிச் சோறு காய்ந்து கிடக்கும்.

மழை விட்டதும் போட்டி நடந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கியைக் கேட்டு ஆள் வந்தார். ஆவடி முகாமில் இப்போது பணியில் இருப்பவர், போட்டியில் சுடப்போகிறவர். காகித வேலைகளைக் கடையில் வைத்துக்கொள்வது என்றும், அன்றைக்குப் பார்த்துவிட்டுப் போவது மட்டும் என்றும் பேச்சு. துப்பாக்கியை மடித்துப் பார்த்தார், தோளில் வைத்துப் பார்த்தார், பிடித்துப்போனது. பிறகு உருண்டை டப்பாவைத் திறந்தார். ஒரு டியூபை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார், மறுபடி திருப்பினார். நெற்றி சுருங்கியது.

"இன்னா சார், நம்பரே காணோம்? இந்தத் துப்பாக்கியோடதுதானா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சமையல்கட்டு வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்த்தேன்.

"நம்பர்லாம் இதுல இருக்காது தம்பி" என்றார் நிதானமாக. "இதோடதுதான். அஞ்சும் அசலு. என் ஊட்டுக்காரி அளந்து பாஸ் பண்ணது. பேப்பர்ல அடிச்சிப் பாத்தாச்சு, எல்லாம் நடுவுல வுயுது." டப்பாவை வாங்கி, முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, ஒவ்வொரு டியூபின் விளிம்பையும் கட்டை விரலால் தடவினார். "இது ரொம்ப இறுக்கம். இது அதுக்கு அடுத்தது. வலது பக்கம் தூரமா போற பேர்டுக்கு இத்தப் போடு." ஒன்றைக்கூட அவர் கண்ணால் பார்க்கவில்லை. நான் இல்லாத பகல்களில் அந்த டப்பாவை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

வந்தவர் கடையில் பார்க்கலாம் என்று சொல்லிப் போனார். துப்பாக்கி அதன் பெட்டியில் மூடிக் கிடந்தது. மணி ஆகிவிட்டதே என்று தட்டு வைத்தேன். சோறு, சாம்பார், பீன்ஸ் பொரியல். பழக்கதோஷத்தில் பொரியலை வலது பக்கம் வைத்துவிட்டேன். தட்டைத் திருப்பக் குனிந்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உடு. அந்தச் செவப்ப எட்த்தா."

"எதுக்குங்க? நான்தான் திருப்பி வெக்கறேனே."

"நீ கம்பெனிக்குப் போய்ட்டா எவன் திருப்புவான்? எட்த்தாமே."

எடுத்து வந்தேன். மூடியைத் திறந்தேன். அந்தத் தட்டின் விளிம்பில் அவர் நம்பர் வெள்ளைப் பெயிண்டில் இருந்தது, பாதி அழிந்துபோய். எத்தனையோ ஆயிரம் சாமானுக்கு யோசிக்காமல் சிவப்பு வைத்தவள், பிரஷைப் பாட்டிலுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ரிஜெக்ட்தானே, வெய்" என்றார்.

தட்டின் வலது விளிம்பில் வைத்தேன். காய்கிறவரை நான் அதை ஊதிக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சோற்றைப் பிசைந்துகொண்டு தலையை மெல்ல வலது பக்கம் திருப்பினார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். சிவப்பு தெரிந்த இடத்தில் நிறுத்தினார்.

"அட, பொரியல் கீது" என்றார்.